பன்னிரண்டு பெட்டிகளின் படம்

ஐயா,

அன்று ஆயர் தாவாரில், செல்வம் அண்ணனின் கோழிக் கொட்டகைக்கு முன்னால் நாம் நான்கு பேரும் நின்றிருந்தபோது நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். "அந்தப் படத்தைப் போட்டது நான்தான்." நான்கு சொல். உன் பேச்சுக்கும் செல்வம் அண்ணனின் அடுத்த கேள்விக்கும் நடுவில் அதைச் சொல்ல நேரம் இருந்தது. அவருடைய மனைவி பார்வதி அக்கா நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடிக்கும் அளவுக்கு எனக்கு நேரம் இருந்தது. குடித்தேன். குவளையைத் திருப்பிக் கொடுத்தேன். நீ தினேஷின் எண்ணைத் தேடியெடுத்து அழைத்தாய். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாய். அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை.

இதை என் மகனான உனக்கு மட்டும் எழுதி உன் துணிப்பைக்குள் வைத்து அனுப்பியிருக்கலாம். நான் அப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். வீட்டுப் பேச்சு வாசல் தாண்டக் கூடாது என்று இருப்பவள். கல்யாண மண்டபத்தில்கூடத் தூணுக்குப் பின்னால் நாற்காலி தேடுகிறவள். ஆனால் தினேஷின் பெயர் ஊரறியக் கெட்டது. நம் வாடிக்கையாளர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் கெட்டது. சிலிபின் பாசாரில், காய்கறிச் சந்தையில், கெட்டது. அதை நம் வீட்டுக்குள் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. என் பெயரும் உன் பெயரும் இதில் இல்லை. மற்றவர்களுக்கு வேறு பெயர் கொடுத்திருக்கிறேன். தினேஷின் பெயரை மட்டும் மாற்றவில்லை, ஏனென்றால் கெட்டது அந்தப் பெயர்தான்.

உன்னைப் பெற்றபோது எனக்குப் பதினெட்டு வயது. இப்போது உனக்கு இருபத்திரண்டு. நம்மை அக்கா தம்பி என்று நினைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. மகனுக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதும் வயது எனக்கு வந்துவிட்டதா என்று தெரியவில்லை. படித்திருக்கிறேன், நிறைய. தொழிற்சாலைப் பேருந்தில், சமையலறையில், உன் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தபோது. படித்த கதைகளில் உண்மையை மறைத்து இன்னொருவனைச் சிக்கவைக்கிற பெண் வந்தால் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திட்டியிருக்கிறேன். வாயைத் திறப்பதில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்டிருக்கிறேன். அன்று கொட்டகை வாசலில் எனக்குக் கஷ்டமாகவே இல்லை. சும்மா நின்றேன். சும்மா நிற்பது அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

தெரியாதவர்கள் படிப்பார்கள் என்பதால் நம் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீயும் தினேஷும் பாலிடெக்னிக் முடித்த கையோடு ஒரு பெட்டி செய்தீர்கள். சாப்பாட்டு டப்பா அளவு. அதைக் கோழிக் கொட்டகையில் மாட்டினால் உள்ளே எவ்வளவு சூடு என்று கைப்பேசியில் தெரியும். சூடு கூடினால் கைப்பேசி மணியடிக்கும். ஈப்போவில் உட்கார்ந்துகொண்டு ஆயர் தாவாரில் இருக்கும் மின்விசிறியைப் போடலாம், அணைக்கலாம். சாப்பாட்டுக் கடையின் ஃபிரீசருக்கும் அதே பெட்டிதான். உன் அப்பா வாரத்தில் ஐந்து நாள் சிங்கப்பூர் லாரியில் இருப்பவர். அதனால் நம் வீட்டுக் கூடமே பட்டறை ஆனது. நான் பழைய தொழிற்சாலை வேலையில் கற்ற கையால் ஈயம் பற்றவைத்தேன். நீங்கள் இருவரும் மென்பொருளைப் பார்த்தீர்கள். வாடிக்கையாளர் போனை எடுப்பதும் என் வேலை.

அந்தப் போன்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஆரம்பத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் நீ வேறு வேறு கடவுச்சொல் வைத்திருந்தாய். நீளமானவை, வாயில் நுழையாதவை. ஒரு தாளில் அச்சடித்துப் பெட்டியோடு கொடுப்பாய். அந்தத் தாள் ஒருவரிடமும் ஒரு வாரம் தங்கவில்லை. நம் முதல் வாடிக்கையாளர் பாவா அண்ணனை நினைத்துப் பார். தன் சாப்பாட்டுக் கடையில் மதியக் கூட்டம் நெரியும் நேரம் பார்த்துத்தான் அழைப்பார்.

"தங்கச்சி, பாஸ்வர்ட் வேல செய்யல லா."

"எந்தப் பாஸ்வர்ட் அண்ணே அடிக்கிறீங்க?"

"நீங்க குடுத்ததுதான்."

"அந்தத் தாள் எங்க?"

"பத்திரமா இருக்கணும்னு ஃபிரீசருக்குள்ள வச்சேன். மீனோட போயிருச்சு போல."

நாம் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் ஒரு நாளைக்கு ஏழெட்டு அழைப்பு இப்படி வந்தால் சிரிப்பு வராது. ஒரு சாயங்காலம் உன்னிடம் சொன்னேன், எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்துவிடு, அதைப் பெரிய எழுத்தில் பெட்டியின் மேலேயே ஒட்டிவிடலாம், கண்ணாடி போடாமலே படிக்கட்டும் என்று. நீ தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாய்.

"அது தப்பும்மா. ஒரு பெட்டி போச்சுன்னா எல்லாம் போயிரும்."

"யாருய்யா வரப் போறா? கோழிக் கொட்டாயில எவ்ளோ சூடுன்னு தெரிஞ்சு எவனுக்கு என்ன லாபம்?"

தினேஷ்தான் திரும்பிப் பார்த்தான். "லாபத்துக்குத்தான் செய்யணும்னு இல்ல ஆன்ட்டி. யார் வீட்டுக் கதவு தொறந்திருக்குன்னு தட்டிப் பாக்கவே உலகத்துல ஆளு இருக்கு."

எனக்கு அது புரியவில்லை. ஏன் புரியவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். நான் பிறந்த தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், வீட்டுச் சாவி நிலைக்கு மேலே இருக்கும். எல்லா வீட்டுக்காரருக்கும் அது தெரியும். சாவி யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் அங்கே ஆபத்து; அடுப்பில் சோறு தீய்ந்தால் யார் போய் இறக்குவது? அந்தக் காலத்தை நான் ஏக்கத்தோடு சொல்லவில்லை. அங்கேயும் திருட்டு உண்டு, அடி உண்டு. ஆனால் திருடியவன் யார் என்று பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும். பிறகு தொழிற்சாலையில் பதினொரு வருடம். நான் வேலை செய்த உற்பத்தி வரிசையின் கணினித் திரையோரத்தில் ஒரு மஞ்சள் தாளில் கடவுச்சொல் எழுதி ஒட்டியிருக்கும், மேற்பார்வையாளரே ஒட்டியது. பூட்டு என்பது நமக்குத் தெரிந்தவர்கள் சிரமமில்லாமல் திறப்பதற்கானது என்றுதான் என் கை பழகியிருந்தது. முகமே இல்லாத ஒருவன் வந்து தட்டுவான் என்பது என் அறிவுக்கு எட்டவில்லை.

எட்டவில்லை என்பதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் பிடிவாதம் பிடித்தேன். "போன எடுக்குறது யாரு? நீயா, அவனா? அப்ப நீங்களே எடுங்க" என்று போனை மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் தொடவில்லை. உன்னோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் "சரிம்மா, இப்போதைக்கு" என்றாய். இந்த "இப்போதைக்கு" என்ற சொல்லை நீ ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், ஐயா. பெரிய தவறு எதையும் நாம் நிரந்தரமாகச் செய்வதாக நினைத்துச் செய்வதில்லை. நம்மைப் போல வீட்டுக் கூடத்தில் தொழில் நடத்துகிறவர்களுக்கு அந்தச் சொல்தான் சோறு. அடுத்த மாதம் மாற்றலாம், ஆள் வைத்ததும் மாற்றலாம், தீபாவளி முடியட்டும் மாற்றலாம்.

தினேஷ் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு வேறு கவலையும் இருந்தது. பெட்டிக்குள் இருக்கும் சிப்பு வெளிநாட்டிலிருந்து வருவது. அதைச் செய்தவர்கள் அந்த ரகத்துக்குப் புது மென்பொருள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே மாட்டிய பெட்டிகளைக் கழற்றி வேறு சிப்பு போட வேண்டும் என்றான். "இதுக்குள்ள என்ன இருக்குன்னு நமக்கே முழுசா தெரியல மச்சான். தெரியாத சாமான ஊரு பூரா மாட்டி வச்சிருக்கோம்." நீ, "எல்லாத்தையும் கழட்டுனா கட சாத்திட்டுப் போக வேண்டியதுதான்" என்றாய். இரண்டு வாரம் இதே சண்டை. கடைசி நாள் அவன் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். "ஒரு நா இது ஒன்னக் கவுத்துரும் பாரு." அடுத்த வாரம் பினாங்கில் வேலைக்குப் போய்விட்டான். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே திரிந்தவன், நம் வீட்டில் தட்டு எங்கே, ஊறுகாய் எங்கே என்று கேட்காமல் எடுப்பவன், என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனான். சண்டை எதைப் பற்றியது, யார் கிளப்பியது என்பது எனக்குத் தெரியும். நான் கூடத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது எனக்கு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

பிறகு ஆயுத பூசை வந்தது. அன்று பன்னிரண்டு புதுப் பெட்டிகள் தயாராக இருந்தன. கூடத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மூன்று வரிசையாக அடுக்கி, ஸ்குரூடிரைவர், ஈயம் பற்றவைக்கும் கோல், உன் மடிக்கணினி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். பெட்டிகளுக்குப் பொட்டு வைக்கும்போது கடவுச்சொல் ஒட்டிய சீட்டின் மேல் சந்தனம் பட்டுவிடாமல் ஓரமாக வைத்தேன். எழுத்து மறைந்துவிட்டால் வாடிக்கையாளர் படிக்க முடியாதே. எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் காட்டி, நீ விழுந்து கும்பிட்டு எழுந்ததும் படம் எடுத்தேன். பூவும் பொட்டுமாகப் பன்னிரண்டு பெட்டிகள். எனக்குப் பெருமையாக இருந்தது. எதையும் எங்கும் போடாத நான் அதை நம் தொழிலின் முகநூல் பக்கத்தில் போட்டேன். நிறையப் பேர் வாழ்த்தினார்கள். பார்வதி அக்கா கும்பிடும் கையாக நான்கைந்து அனுப்பியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பன்னிரண்டு பெட்டிகளிலும் வரிசை எண்ணும், அதன் கீழே ஒரே கடவுச்சொல்லும் இருப்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். படத்தில் ஒரே ஒரு பெட்டி தெரிந்திருந்தால் அந்த ஒருவரோடு போயிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்று நான் வரிசையாக அடுக்கிக் காட்டியிருந்தேன். எண்ணும் கடவுச்சொல்லும் இருந்தால் எங்கிருந்தும் உள்ளே போகலாம், முன்பே மாட்டிய பெட்டிகளின் எண்ணும் அதே வரிசைதான்.

பூசைக்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வம் அண்ணனும் அக்காவும் ஈப்போவுக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். அக்காவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். கொட்டகை கட்டிய நாளிலிருந்து அவர்கள் இருவரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. ஒருவர் போனால் ஒருவர் இருக்க வேண்டும். நான்கு பக்கமும் அடைத்த கொட்டகை, மின்விசிறி நின்றால் வளர்ந்த கோழிக்கு அரை மணி நேரம்கூடத் தாங்காது. பெட்டியை மாட்டிய அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நானும் இவரும் சேந்தாப்புல ஒரு கல்யாணத்துல ஒக்காந்து சாப்பிடலாம் லா" என்று சொன்னார். அப்படித்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேலைக்காரருக்கு ஞாயிறு விடுமுறை. அக்காவின் கைப்பையில் போன் மணியடிக்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு அவர்கள் திரும்பிப் போய்க் கதவைத் திறந்தபோது உள்ளே சத்தமே இல்லை என்று அண்ணன் சொன்னார். கோழிக் கொட்டகையில் சத்தமில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குக் கதவுக்கு வெளியிலேயே தெரிந்துவிட்டது.

அன்று இரவே நீ பதிவுகளைப் பார்த்தாய். மதியம் யாரோ வெளிநாட்டு முகவரி ஒன்றிலிருந்து நுழைந்திருந்தார்கள். ஒரே முயற்சி, முதல் தடவையே சரியான கடவுச்சொல். ஐந்து நிமிடத்துக்குள் நான்கு பெட்டிகளுக்குப் போயிருந்தார்கள். பாவா அண்ணனின் ஃபிரீசரை அணைத்து, திரும்பப் போட்டிருந்தார்கள். செல்வம் அண்ணனின் பெட்டிக்கான திரையில் இருந்த பொத்தான்களை எல்லாம் அழுத்திப் பார்த்திருந்தார்கள், விசிறியை, எச்சரிக்கை மணியை, கொட்டகையில் முன்பே இருந்த பழைய சைரனை. அந்தச் சைரனையும் நீ நம் பெட்டியோடு இணைத்திருந்தாய், எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் வசதி என்று. அங்கே மட்டும் எதையும் திரும்பப் போடவில்லை. மறந்துவிட்டார்களோ, சலித்துவிட்டதோ. அது கோழி வளர்க்கும் இடம் என்று அவர்களுக்குத் தெரியுமா என்பதே நமக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. அப்பா போனில், "கோழிதானே செத்துச்சு, ஆள் சாகலையே" என்றார். நீ போனை என்னிடம் கொடுத்தாய்.

மறுநாள் காலை, நாம் ஆயர் தாவாருக்குப் புறப்படுவதற்கு முன், யாராவது நம்மைத் திட்டி எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க நம் முகநூல் பக்கத்தைத் திறந்தேன். திட்டு எதுவும் இல்லை. ஆயுத பூசைப் படம் இருந்தது. விரலால் பெரிதாக்கினேன். பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் படத்தை அழித்தேன். முகம் கழுவினேன். தலை வாரிக்கொண்டு வந்து, நீ ஓட்டும் காடியில் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். செம்பனை மரங்களுக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் போனோம். நீ ஒரே ஒரு தடவை பேசினாய். "யாரும்மா நம்மள இப்டி செய்வா?" என்றாய். நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன்.

கொட்டகை வாசலில் செல்வம் அண்ணன் கத்துவார் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட சட்டையே இன்னும் உடம்பில் இருந்தது. "தம்பி, பூட்டு ஒடையல. கதவு ஒடையல. அப்ப சாவி வச்சிருக்கவன்தானே வந்திருக்கணும்? யார் யார் கிட்ட இருக்கு அந்த பாஸ்வர்ட்?"

"ஒங்க பெட்டிது ஒங்களுக்குத் தெரியும் அங்கிள். ஆனா எல்லாப் பெட்டிக்கும் ஒன்னுதான்னு தெரிஞ்சது மூனே மூனு பேருக்குத்தான். எனக்கு, அம்மாக்கு..." நீ நிறுத்தினாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். "தினேஷுக்கு."

"அந்தக் கூட்டாளிப் பையனா? சண்ட போட்டுட்டுப் போனான்னு சொன்னியே?"

"ஒரு நா ஒன்னக் கவுத்துரும்னு சொல்லிட்டுப் போனான் அங்கிள்."

அப்போதுதான் அக்கா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அப்போதுதான் நீ அவனை அழைத்தாய். அவன் மூன்றாவது மணியிலேயே எடுத்தான், சந்தோஷமாக. "மச்சான்! என்னடா, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" நீ ஒரே மூச்சில் கேட்டாய், நீதானே என்று. அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் கேட்டது. பிறகு அவன் மெதுவாக, "பக்கத்துல யாரு இருக்கா?" என்றான். "எல்லாரும் இருக்காங்க. சொல்லு" என்றாய். "அம்மா இருக்காங்களா?" "இருக்காங்க." "அவுங்களும் நாந்தான்னு சொல்றாங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். நான் கொட்டகையின் விசிறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன, காலியான கொட்டகைக்கு. அவன் போனை வைத்துவிட்டான்.

காவல் நிலையத்தில் இருந்த அதிகாரி நல்லவர். பொறுமையாகக் கேட்டார். கோழிகள் செத்திருக்கின்றன, யாரும் உள்ளே வரவில்லை, எதுவும் உடையவில்லை, எதுவும் காணாமல் போகவில்லை. "அப்படியென்றால் என்ன நடந்தது என்று எழுதுவது?" என்று மலாயில் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. யார் மேலாவது சந்தேகமா என்று கேட்க மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. நீ தினேஷின் முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சொன்னாய். அந்த எண் உனக்கு மனப்பாடம். எத்தனை விண்ணப்பங்களை இருவரும் சேர்ந்து நிரப்பியிருப்பீர்கள்! அன்றிரவுக்குள் அந்தப் பெயர் வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விட்டது. செல்வம் அண்ணனின் காப்புறுதிக்காரரும் அப்படித்தான். தீ என்றால் இருக்கிறது, வெள்ளம் என்றால் இருக்கிறது, நோய் என்றால்கூடப் பேசலாம், இதற்கு எங்களிடம் பெயரே இல்லையே என்றார். எங்கே போனாலும் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் உன் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு எட்டு வயதில் பக்கத்து வீட்டு வானொலியைப் பிரித்துப்போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தாய். நான் உன் கையைப் பிடித்து அவர்கள் வாசலுக்கு இழுத்துப் போனேன். "நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு" என்றேன். உன் கால்சட்டை நனைந்தது, ஆனாலும் சொன்னாய். அன்று உன்னை இழுத்துப் போன கை இதுதான். காவல் நிலையத்தில் என் கையைப் பிடித்து இழுக்க யாரும் இல்லை என்று சொல்லலாம். அது சாக்கு. உனக்கு எட்டு வயது, எனக்கு நாற்பது.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே பலமுறை கேட்டுவிட்டேன். உன் தொழிலைக் கெடுத்தவள் உன் அம்மா என்று நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்பது ஒரு காரணம். வெட்கம் இன்னொன்று. மூன்றாவதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது. தினேஷ்தான் என்று நீ சொன்ன அந்த நிமிடத்தில் எனக்கு ஓர் ஆறுதல் வந்தது. யாரோ முகமில்லாதவன் காரணமே இல்லாமல் செய்தான் என்பதைவிட, தெரிந்தவன் கோபத்தில் செய்தான் என்பது தாங்கக்கூடியதாக இருந்தது. செல்வம் அண்ணனுக்கும் அப்படித்தான். எல்லாருக்கும் ஒரு முகம் வேண்டியிருந்தது.

பதினோராம் நாள் பாசாரில் தினேஷின் அம்மாவைப் பார்த்தேன். கீரைக் கட்டோடு எதிரில் வந்தார். ஒதுங்கப் பார்த்தேன், முடியவில்லை. அவனைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வேலையிடத்தில் விடுப்புக் கேட்டு, என்ன ஏது என்று சொல்ல வேண்டியதாயிற்று. "நீங்க சோறு போட்ட பிள்ளதானே அவன்?" என்றார். சத்தம் போடவில்லை. "தின்ன வீட்டுல கல்லு போடுவானா? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நா நம்புறேன்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்குத் தெரியலக்கா" என்றேன். அதுவரை நான் பேசாமல் மட்டும்தான் இருந்தேன். அன்றுதான் வாயைத் திறந்து பொய் சொன்னேன். பேருந்து ஏறி வீட்டுக்கு வந்து, காய்கறிப் பையைக் கீழே வைக்காமலே உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

நீ திட்டவில்லை. "எப்பம்மா ஒனக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாய். "அன்னைக்குக் காலையில." "காடியில ஏறறதுக்கு முன்னாலயா?" "ம்." நீ எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, "வா, பினாங்குக்குப் போலாம்" என்றாய். போகிற வழியில் காவல் நிலையத்தில் நிறுத்தி வாக்குமூலத்தைத் திருத்திக் கொடுத்தோம்.

தினேஷ் தங்கியிருந்த வீட்டு வாசலில் நீ என்னைக் காடியிலேயே இருக்கச் சொன்னாய். கண்ணாடியை இறக்கியிருந்தேன், பேசியது கேட்டது. நீ நெடுநேரம் பேசினாய். அவன் கம்பிக் கதவைத் திறக்கவில்லை, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டான். கடைசியில், "நீ கேட்டது தப்பில்ல மச்சான். தனியா கேட்டிருக்கலாம்" என்றான். பிறகு உன் தோளுக்கு மேலாகக் காடியைப் பார்த்தான். "அம்மாவ ஏன் வெயில்ல ஒக்கார வச்சிருக்க? கூட்டிட்டுப் போ." உள்ளே போய்விட்டான். நான் இறங்கியிருக்க வேண்டும். கதவுப் பிடியில் கை இருந்தது.

இனிப் புத்தி சொல்கிறேன், கேட்பாயோ மாட்டாயோ. பெட்டி எதையும் இனித் தொட மாட்டேன் என்கிறாய். தொடுவாய். எட்டு வயதில் வானொலியைப் பிரித்தவன் நீ. அப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் அதற்கென்று ஒரு சாவி கொடு. வாடிக்கையாளர் நூறு தடவை மறந்தாலும் நூற்றோராவது தடவையும் பொறுமையாகச் சொல்லிக் கொடு; போனை எடுக்கிறவள் சலித்துக்கொண்டால் வேறு ஆளைப் பார். சைரனை இணையத்தோடு கட்டாதே. சுவரில் கையால் திருப்பும் சுவிட்ச் ஒன்று எப்போதும் இருக்கட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியாத சாமானை அடுத்தவர் பிழைப்பின் மேல் மாட்டாதே. இது விற்ற அன்றோடு வேலை முடிகிற பொருள் இல்லை, மாட்டிய பிறகுதான் வேலை ஆரம்பம். அதைச் செய்ய உன்னிடம் ஆள் இல்லையென்றால் வாங்க வருகிறவரிடம் அதைச் சொல். சொன்னால் வாங்க மாட்டார்கள் என்பாய். தெரியும். அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஐயா. இவ்வளவையும் செய்தாலும் இன்னொரு கதவு எங்காவது திறந்திருக்கும் என்று தினேஷ் சொல்லியிருக்கிறான். உன்னை எச்சரிப்பவனைக் கூடவே வைத்துக்கொள் என்று சொல்லலாம். அப்படி ஒருவன் இருந்தான்.

ஒரு மாதம் ஊர் ஊராகப் போய் எல்லாப் பெட்டிகளையும் கழற்றிக்கொண்டு வந்தாய். பாகான் டத்தோவிலிருந்து கடைசிப் பெட்டி வந்தது. பாவா அண்ணன் மட்டும் கொடுக்க மாட்டேன் என்றார். "கறி கெட்டா நான் பாத்துக்கிறேன் தம்பி, இது நம்ம மொதப் பெட்டி லா." இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு அவர் ஃபிரீசரிலேயே விட்டுவிட்டாய். அது இப்போது சூட்டை மட்டும் காட்டுகிறது. வாட்ஸ்அப் குழுவில், தினேஷ் செய்யவில்லை, தவறு எங்களுடையது என்று எழுதினாய். "அம்மாவுடையது" என்று எழுதவில்லை. அதை நான் இங்கே எழுதுகிறேன். அன்று கொட்டகை வாசலில் சொல்லாததையும், பாசாரில் சொன்ன பொய்யையும்.

நீ திங்கட்கிழமை காலை ஜொகூர் பேருந்தில் ஏறினாய். ஒரு கிடங்கில் வேலை. செல்வம் அண்ணன் அடுத்த தொகுதிக் குஞ்சுகளை இறக்கிவிட்டார். போன வாரம் ஒரு காதுகுத்துக்கு அக்கா மட்டும் வந்திருந்தார். இந்தக் கடிதத்தை வெளியே கொடுப்பதற்கு முன் தினேஷுக்கு அனுப்பி, அவன் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. "போடுங்க ஆன்ட்டி." உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.